சாம்பலில் இல்லாத இரும்பு

தம்போய்
5 மார்ச் 2024

அன்புள்ள கெர்ட்டிக்கு,

மலர் எழுதிக்கொள்வது. நலம் என்று எழுத இந்த மாதம் கை வரவில்லை. இருக்கிறேன். அப்பா இல்லாமல் வசந்தனும் இருக்கிறான். நீயும் உன் தங்கை ஏஞ்சலாவும் மெர்சிங்கில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் பேசலாம்தான். ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "அழாத மலரு, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் ரெங்கம் எஸ்டேட்டிலிருந்து நீ நர்ஸ் படிக்கப் போனபோது எழுதின மாதிரி எழுதுகிறேன். ஆறாவது வரை படித்த கை. தப்பு இருந்தால் அப்போது சிரித்த மாதிரி சிரித்துக்கொள்.

அவருக்குக் கருமாதி முடிந்துவிட்டது. உனக்கும் இலை போட்டு வைத்திருந்தேன். நீ வரவில்லை. புது கிளினிக்கில் லீவு கிடைக்கவில்லை என்று வசந்தனுக்கு மெசேஜ் போட்டிருந்தாய். எடுத்த அன்றைக்கும் பெட்டி வாசலைத் தாண்டினதும் நீ பஸ் ஏறப் போய்விட்டாய். அவர் தம்பி பெண்சாதி கேட்டாள், "எங்க உங்க நர்ஸக்கா? கூடப் பொறந்தவங்க மாதிரி இருப்பாங்களே?" என்று. தூரத்திலிருந்து வந்தவள், இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று சொல்லி வைத்தேன். என் குறையை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் சபையில் புதைப்பதுதான் வழக்கம், அதனால் இது உனக்குத் தெரிந்திருக்காது. எங்களில் எரித்த மறுநாள் காலையில் போய்ப் பால் தெளித்து எலும்பு பொறுக்குவோம். காலிலிருந்து தொடங்கித் தலையில் முடிக்க வேண்டும். பெண்கள் போவது வழக்கமில்லை. நான் போனேன். யாரும் தடுக்கவில்லை.

நான் போனது அவர் கால் இரும்புக்காக. நவம்பரில் கணுக்கால் உடைந்து, நீ வேலை செய்த ஆஸ்பத்திரியில் தகடு வைத்தபிறகு அவருக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உனக்குத்தான் தெரியுமே. அவர் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறுகிற தொழிற்சாலைப் பெண்களிடம்கூடக் கணுக்காலைத் தட்டிக் காட்டுவார். "ஸ்டீல் லா. நான் போனாலும் இது போகாது. மலரு, எரிச்சதும் இத எடுத்துச் சாமி மேடையில வச்சிரு, ஓரமா இருந்துக்கறேன்" என்பார். வாயைக் கழுவுங்கள் என்று திட்டுவேன். திட்டினேனே தவிர, அந்த வார்த்தை மனதில் நின்றுவிட்டது.

காலிலிருந்துதானே தொடங்கினோம். முதலில் தேடினதே அதைத்தான். கிடைக்கவில்லை. தலைப்பக்கம் போனபோது அவருடைய பல்செட்டின் கம்பி கிடைத்தது. நகத்துண்டு அளவு இருக்கும். அது கிடைக்கிறது, விரல் நீளத்து இரும்பு கிடைக்கவில்லை.

அங்கே சாம்பல் வாருகிறவர் ஐயாசாமி என்று ஒருவர். "சல்லடையில சலிச்சாச்சுக்கா, இல்ல" என்றார். வசந்தனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நேத்தே எடுத்து வித்துட்டீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். நானும் அவனைத் தடுக்கவில்லை. சுடுகாட்டுக் கமிட்டியில் புகார் கொடுக்கப் போகிறான். தகடு எப்படி இருக்கும் என்று நீ எழுதி அனுப்பினால் நல்லது. ஆபரேஷன் அன்றைக்கு நீதானே கூட இருந்தாய்.

இன்னொன்று. அவர் விழுந்த அன்று பஸ்ஸில் இருந்த செல்வா சொல்கிறான், படியில் இறங்கும்போது அந்தக் கால்தான் மடங்கியதாம். அப்படியே சரிந்து தலை கால்வாய்க் கல்லில் பட்டது. இரும்பு வைத்த கால் எப்படி மடங்கும் கெர்ட்டி? எனக்கு அதுவே சுற்றிச் சுற்றி வருகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. மெர்சிங் மீன் என்று தினமும் பொரித்துத் தின்னாதே, உனக்கு நெஞ்செரிச்சல்.

உன்,
மலரு


மெர்சிங்
12 மார்ச் 2024

என் பிரியமுள்ள மலருக்கு,

ஆண்டவர் உனக்கு ஆறுதல் தருவாராக. உன் கடிதத்தை ஏஞ்சலாவுக்கும் படித்துக் காட்டினேன். இருவரும் அழுதோம். கருமாதிக்கு வராதது என் குற்றம்தான். மன்னித்துக்கொள்.

நீ கேட்ட தகடு சுண்டுவிரல் நீளம், அதைவிடக் கொஞ்சம் அகலக் குறைவு. ஆறு ஓட்டை. வெள்ளிபோல மினுங்கும். அந்த மாதிரி இடத்தில் வேலை செய்கிறவர்கள் இதையெல்லாம் எடுத்துப் பழைய இரும்புக் கடையில் போடுவது உண்டு என்று நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். போனது போகட்டும் மலர். ஒரு துண்டு இரும்பில் சபாபதி அண்ணன் இல்லை. அதைத் தேடி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

கால் மடங்கியதை நினைத்து நினைத்துப் பார்க்காதே. பஸ் படி ஈரமாக இருந்திருக்கும்.

தவக்காலம் முடிந்ததும் இங்கே வா. படகுத்துறைக்குப் பக்கத்தில்தான் வீடு. பத்து நாள் இரு. நான் சமைக்கிறேன், நீ குறை சொல்.

என்றும் உன்,
கெர்ட்ரூட்


தம்போய்
2 ஏப்ரல் 2024

கெர்ட்டிக்கு,

மலர் எழுதுவது. உங்கள் பெருநாள் நல்லபடியாக முடிந்திருக்கும். நான் இப்போது மெர்சிங் வருவதாக இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

உன் கடிதத்தைக் கமிட்டித் தலைவர் செல்லப்பனிடம் வசந்தன் கொடுத்தான். அவர் அதைக் கூட்டத்தில் சத்தமாகப் படித்தார். ஆறு ஓட்டை, வெள்ளிபோல மினுங்கும், பழைய இரும்புக் கடை, எல்லாவற்றையும். நர்ஸே எழுதியிருக்கிறார் என்றதும் அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. ஐயாசாமியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

போன வாரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். நான் உட்காரச் சொல்லவில்லை. அவராகவே வாசலில் பேப்பரை விரித்து டின்னைக் கவிழ்த்தார். உள்ளே இரும்புத் தகடுகள், திருகாணிகள், யாருடையதோ முட்டிக் கிண்ணம் ஒன்று. எல்லாம் நெருப்பில் நிறம் மாறிப்போனவை.

"வீட்டுக்காரங்க வேணாம்னு விட்டுட்டுப் போனதுக்கா. மனுசன் உடம்புல இருந்தது, குப்பையில வீச மனசு வரல. நான் விக்கறவனா இருந்தா இது இவ்ளோ சேருமா? உங்களோடது இருந்தா எடுத்துக்குங்க."

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எதுவும் நீ எழுதின மாதிரி இல்லை. ஒருவேளை நெருப்பில் எரிந்து போயிருக்குமோ என்று கேட்டேன்.

"நெருப்பு எல்லாத்தையும் திங்கும்கா. என் மீசையைக்கூட ஒரு தடவ தின்னுருச்சு. இத மட்டும் திங்காது. கிடைக்கலன்னா அது உள்ள இல்லவே இல்ல."

ஐயாசாமி போனபிறகு பீரோவைத் திறந்து அவர் கால் எக்ஸ்ரே படத்தை எடுத்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்தது. அன்று அவர் உன்னிடம் கேட்டார், "என்ன தங்கச்சி, என் ஸ்டீலக் காணோம்?" என்று. "படம் சரியா விழலண்ணே, கால் ஆடிருச்சு" என்று நீ சொன்னாய். அவரும் சிரித்துக்கொண்டே மடித்து வைத்துவிட்டார்.

அதை எடுத்துக்கொண்டு இங்கே கடைவீட்டு வரிசையில் இருக்கிற டாக்டர் கமலநாதனிடம் போனேன். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "அம்மா, படம் நல்லாதான் விழுந்திருக்கு. ஸ்டீல் இருந்தா பளிச்சுனு வெள்ளையா தெரியும். இதுல திருகாணி போட்ட ஓட்ட மட்டும்தான் தெரியுது. கரையற தகடு வச்சிருப்பாங்க" என்றார்.

கரைகிற தகடு. அந்தப் பேச்சை நான் எங்கே கேட்டேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கள் வீட்டு ஹாலில், நீ சீனக் கடையில் வாங்கி வந்த பாவ் பலகாரம் மேசைமேல் இருக்க, நீதான் சொன்னாய். கண்ணாடியில் செய்த புதுத் தகடு வந்திருக்கிறது, எலும்பு கூடினதும் தானாகக் கரைந்துவிடும், மறுபடி அறுக்க வேண்டியதில்லை, எங்கள் ஆஸ்பத்திரியில் சோதனைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று. அவர் சொன்ன பதிலும் ஞாபகம் இருக்கிறது. "கரையறது வேணாம் தங்கச்சி. நான் பஸ் ஓட்டறவன். பிரேக் கட்டைய எவனாச்சும் உப்புல செய்வானா? எனக்கு இரும்பே வைக்கச் சொல்லு." நீ சிரித்துவிட்டு, "சரிண்ணே, உங்களுக்கு இரும்புதான்" என்றாய்.

கெர்ட்டி, நான் சுற்றி வளைக்கவில்லை. அவர் காலில் என்ன வைத்தீர்கள்? ஒரு வார்த்தை எழுது. நீ இல்லை என்று சொன்னால் டாக்டரைப் பொய்யன் என்று நினைத்துக்கொள்கிறேன். அவ்வளவு தூரம் உன்னை நம்பியவள் நான்.

மலர்


மெர்சிங்
11 ஏப்ரல் 2024

மலர்,

ஐந்து முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

கரைகிற தகடுதான் வைத்தோம்.

ஏன் என்று கேட்பாய். என் அப்பா மரியநாதனுக்குக் காலில் இரும்பு வைத்து, அதை எடுக்க மறுபடி அறுத்தபோது புண் புரையோடிக் கால் போனது உனக்குத் தெரியும். நீதான் அவருக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோவாய். அண்ணனுக்கு அப்படி வரக் கூடாது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அதோடு சோதனைக்கு ஓர் ஆள் குறைந்தது. ஆள் சேர்ப்பது என் பொறுப்பு. அந்த வேலை எனக்கு நிலைக்க வேண்டியிருந்தது. அண்ணன் சம்மதித்துவிட்டார் என்று டாக்டரிடம் சொன்னேன். நான் விரல் வைத்த இடத்திலெல்லாம் அண்ணன் கையெழுத்துப் போட்டார். படித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வருடம் கழித்து, "பாருங்கண்ணே, இரும்பே இல்லாம நடந்திருக்கீங்க" என்று சொல்லி எல்லோரும் சிரிப்போம் என்று இருந்தேன்.

அது ஜன்னல் கண்ணாடி மாதிரி இல்லை. ஜன்னல் கண்ணாடி மணலில் செய்வது, தண்ணீரில் கரையாது. இது பாஸ்பேட் உப்பில் செய்தது. நம் எலும்பில் இருக்கிற அதே உப்பு, அதே சுண்ணாம்புச் சத்து. உள்ளே சங்கிலி மாதிரிக் கோத்திருக்கும். உடம்பின் ஈரம் போய் ஒவ்வொரு கண்ணியாக அறுக்கும். சுண்ணாம்பும் இரும்புத் தூளும் கூடக் கலந்தால் மெதுவாகக் கரையும், குறைத்தால் சீக்கிரம் கரையும். முடியைவிட மெல்லிய நூலாக இழுத்து, ஒரு வகைப் பிளாஸ்டிக்குக்குள் அடுக்கி அழுத்தித் தகடாக்குகிறார்கள். அந்தப் பிளாஸ்டிக்கும் பின்னாடி கரைந்துவிடும். எலும்பு கூடக் கூடத் தகடு தளரும், கரைந்ததை உடம்பு எடுத்துக்கொள்ளும், மிச்சம் சிறுநீரில் போய்விடும். கணக்கு இதுதான்.

ஆனால் ஈரம் வெளியே இருந்து மட்டும் தின்னவில்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அந்த நூல் வழியாக உள்ளே ஏறிவிட்டது. கரைகிற கண்ணாடி ஒரு புளிப்பை விடும். அந்தப் புளிப்பு இன்னும் வேகமாகக் கரைக்கும். நூலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் பிடிப்பு விட்டுப்போகும். வெளியே பார்த்தால் தகடு அப்படியே இருக்கும்.

இதையும் மறைக்க மாட்டேன். சோதனையில் வேறு இரண்டு பேருக்கு முன்கூட்டியே தளர்ந்துவிட்டது. ஜனவரி தொடக்கத்தில் எங்களுக்குச் செய்தி வந்தது, தகடு வைத்த யாரும் அந்தக் காலில் பாரம் போடக் கூடாது, உடனே வரச் சொல்லுங்கள் என்று. எல்லோரையும் நான்தான் போனில் கூப்பிட்டேன். அண்ணனைக் கூப்பிடவில்லை. நம்பரைப் போட்டுப் போட்டு வைத்தேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது மலர்? அவர் காலில் இரும்பு அல்லவா இருந்தது. அவர் வரவில்லை என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

நீங்கள் சாம்பலில் தேடுவீர்கள் என்று எனக்குத் தெரியாது.

இந்தக் கவரில் ஒரு துண்டு வைத்திருக்கிறேன். ஆட்களுக்குக் காட்டுவதற்காக என்னிடம் இருந்த மாதிரி. அண்ணன் காலில் இருந்தது இந்த ரகம்தான். உன்னிடம் பொய் சொல்லவில்லை என்பதற்கு.

டாக்டருக்கு உண்மை தெரியாது. தெரிந்தால் நர்ஸ் வேலையே எனக்கு இருக்காது. ஏஞ்சலாவுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை. வசந்தனிடம் சொல்லாதே. அந்த ஐயாசாமி விஷயம் தானாக ஆறிவிடும். கெஞ்சிக் கேட்கிறேன்.

கெர்ட்டி


தம்போய்
15 ஏப்ரல் 2024

கெர்ட்டி,

உன் கடிதம் வந்தது. வருடப் பிறப்புக்கு மறுநாள் படித்தேன்.

உப்பு, சங்கிலி, திரி எல்லாம் புரிந்தது. நீ எப்போதும் எனக்குப் புரிகிற மாதிரித்தான் சொல்வாய். உன் அண்ணனுக்கும் அப்படி உட்கார வைத்து ஒரு தடவை சொல்லியிருக்கலாம். அவர் வேண்டாம் என்றால் விட்டிருக்கலாம். வேண்டாம் என்றுதானே சொன்னார்.

உன் அப்பா காலுக்காகச் செய்தேன் என்கிறாய், வேலைக்காகவும் என்கிறாய். எது முதலில் என்று நான் கேட்கப் போவதில்லை. ஜனவரியைத்தான் கேட்கிறேன்.

பொங்கல் அன்று நீ எனக்குப் போன் செய்தாய். மறந்துவிட்டாயா? பானை பொங்கியதா, முந்திரி போட்டாயா, எனக்கு எடுத்து வை என்றெல்லாம் பேசினாய். அவர் பக்கத்தில்தான் இருந்தார். "மலரு, குடு குடு" என்று போனை வாங்கி, "தங்கச்சி, நாளைலேருந்து பஸ் எடுக்கறேன். ஸ்டீல் இருக்கு, என்ன பயம்?" என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நீ, "பாத்து மெதுவாண்ணே" என்றாய். அவ்வளவுதான். அதற்கு முன்னாலேயே மற்ற எல்லோரையும் கூப்பிட்டு ஊன்றாதே, வா என்று சொல்லி முடித்துவிட்டாய். அந்த ஆட்களெல்லாம் உனக்கு யார்? பெயர்கூட மறந்திருக்கும். எங்கள் வீட்டில்தான் நீ பாதி நாள் சாப்பிட்டாய்.

ஐயாசாமி விஷயம் ஆறிவிடும் என்று எழுதியிருக்கிறாய். யாருக்கு ஆறும்? அவரைச் சந்தையில் பார்த்தேன். மீன் விற்கிறவன், "தாத்தா, காச எண்ணிப் பாத்துக்க, அப்புறம் காணோம்னு சொல்லிட்டு எடுத்துறாத" என்று கிண்டல் பண்ணுகிறான். நாலு பேர் சிரிக்கிறார்கள். அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அவர் குனிகிறார், நானல்லவா குனிய வேண்டும். சாம்பலைச் சலித்துவிட்டு இல்லை என்று உண்மை சொன்னவர் அவர் ஒருத்தர்தான்.

போலீஸ், வக்கீல் என்று வசந்தன் குதிப்பான். நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை. நீ கேட்டாய் என்பதற்காக இல்லை. உனக்கு ஒரு தடவை இடம் கொடுத்துப் பார்க்கிறேன். 28ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கமிட்டிக் கூட்டம். நீ வா. செல்லப்பன் முன்னால், ஐயாசாமி முன்னால், இரும்பு இருக்கவில்லை, நான்தான் பொய் எழுதினேன் என்று நீயே சொல். நான் உன் பக்கத்தில் நிற்கிறேன். உன் அண்ணன் போனபிறகும் உன் பக்கத்தில் நிற்க என்னால் முடியும் என்றுதான் நினைக்கிறேன். வந்து பார்.

லார்கின் பஸ் நிலையத்தில் ஒன்பது மணிக்குக் காத்திருப்பேன்.

மலர்


தம்போய்
26 மே 2024

கெர்ட்ரூட் அவர்களுக்கு,

28ஆம் தேதி லார்கினில் இருந்தேன். மெர்சிங்கிலிருந்து முதல் பஸ் வந்தது, இரண்டாவதும் வந்தது. நீங்கள் இறங்கவில்லை. போன் எடுக்கவில்லை. அடுத்த வாரம் ஏஞ்சலா கையெழுத்தில் ஓர் அட்டை வந்தது, சபாபதியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக மூன்று பூசை ஒப்புக்கொடுத்திருப்பதாக. அவர் பெயர் சரியாக எழுதியிருந்தது. அதற்கு நன்றி.

கூட்டத்துக்கு நான் மட்டும் போனேன். கொஞ்சம் பிந்திப் போனேன். எக்ஸ்ரே படத்தையும் டாக்டர் கமலநாதன் எழுதிக் கொடுத்த சீட்டையும் மேசையில் வைத்து, என் வீட்டுக்காரர் காலில் இரும்பு இல்லை, இந்த மனுசன் எதையும் எடுக்கவில்லை, திருடன் என்று சொன்ன பாவம் எங்களுடையது என்றேன். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. செல்லப்பன், "அப்போ அந்த நர்ஸு எழுதின லெட்டர்? அவங்க உங்களுக்கு யாரும்மா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சவங்க" என்றேன்.

ஐயாசாமி எழுந்து, "சரி விடுங்க, அக்கா வந்து சொன்னாங்கள்ல" என்றார். திங்கட்கிழமையே வேலைக்குப் போய்விட்டார். அன்று கூட்டம் முடிந்து வெளியே வரும்போது என்னிடம், "அக்கா, நான் போனா யாரும் சல்லடைய எடுத்துட்டு அலைய வேணாம். எனக்குப் பல்லுகூட சொந்தப் பல்லுதான்" என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

அன்றைக்கே வசந்தனிடம் சொல்லிவிட்டேன். அவன் ஆஸ்பத்திரிக்கும் நர்ஸ் போர்டுக்கும் எழுதினான். நான் ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். உங்கள் ஏப்ரல் கடிதத்தையும் அதோடு வைத்தோம். உங்களிடம் சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய துண்டை ஊறுகாய்ப் போத்தலில் உப்புத் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்தேன். சாமி மேடையில், அவர் இரும்பை வைக்கச் சொன்ன இடத்தில். காலையில் விளக்கு ஏற்றும்போது பார்ப்பேன். ஒரு மாதமாக அது அப்படியேதான் இருந்தது. அதே நிறம், அதே மூலை. நீங்கள் எழுதினதுகூடப் பொய்யோ என்று நினைத்தேன்.

இன்று காலை எடுத்துத் துடைத்து, இரண்டு கையாலும் மெதுவாக வளைத்தேன். போட்டு வைத்த அன்றைக்கு என் பலம் முழுவதும் கொடுத்து வளைத்துப் பார்த்தும் அசையாத துண்டு. இன்று சத்தமே வரவில்லை.

இரண்டு துண்டையும் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மலர் சபாபதி